ஓவியத்தைப் படமெடுத்துப் பெரிதாகவும் தெளிவாகவும் போடுவது எப்படி?

கேள்வி இதுதான்: தான் வரைந்த ஓவியங்களை ஃபோனில் படமெடுத்து இணையத்தில் போடுகிறார் ஒருவர். பார்க்கிறவர்கள் எல்லாரும் "படம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடக் கூடாதா" என்று கேட்கிறார்கள். பெரிதாக்கினால் மங்கிப் போகிறது. நல்ல தெளிவோடு போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பெரிய படம் கேட்கிறார்கள் என்றால் உங்கள் வேலையை நின்று பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று அர்த்தம், அதனால் தயங்காமல் கொடுங்கள். 600 பிக்சல் அகலத்தில் ஒரு நீர்வண்ண ஓவியத்தைப் போட்டால் அதில் இருப்பது மரமா வீடா என்று தெரியும், அவ்வளவுதான். வண்ணம் ஈரக் காகிதத்தில் பரவி ஓரத்தில் திட்டாக நின்ற இடம், தூரிகை காய்ந்து இழுபட்ட கோடு, வண்ணத்துக்கு அடியில் லேசாகத் தெரியும் பென்சில், இதெல்லாம் காணாமல் போய்விடும். வரைகிறவர் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்தது பெரும்பாலும் இந்தக் காணாமல் போன பகுதியில்தான் இருக்கிறது.

சரி, வேலையை எங்கே ஆரம்பிப்பது? கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை எதுவும் செய்யாமல் கணினியில் திறந்து 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவு. அங்கே கோடுகள் தெளிவாக இருந்தால் உங்கள் படம் நன்றாகத்தான் இருக்கிறது, போகும் வழியில்தான் எங்கோ கெடுகிறது. அங்கேயே மங்கலாக இருந்தால் அதற்கப்புறம் என்ன செய்தாலும் பிரயோஜனமில்லை, திரும்ப எடுக்கத்தான் வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பலர் நேராகப் படத்தைப் பெரிதாக்கும் செயலிகளைத் தேடிப் போகிறார்கள். செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஓவியத்துக்கு அவற்றைத் தொடவே தொடாதீர்கள் என்பேன். இல்லாத விவரத்தை அவை யூகித்து நிரப்புகின்றன, நீங்கள் போடாத தூரிகைக் கோட்டை உங்கள் பெயரில் போட்டு வைக்கின்றன.

திரும்ப எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் வேலை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. மங்கலான படங்களில் பெரும்பாலானவை வெளிச்சம் போதாமல் வந்தவை. வெளிச்சம் குறைந்தால் ஃபோன் தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றும், அதில் புள்ளி புள்ளியாகக் குருணை வரும், அந்தக் குருணையை மறைக்க ஃபோனே படத்தை வழித்துத் தேய்க்கும். கேன்வாஸின் நெசவும் காகிதத்தின் சொரசொரப்பும் அந்தத் தேய்ப்பில்தான் காலியாகின்றன. ஆக வெளிச்சம் நிறைய வேண்டும், ஆனால் நேர் வெயிலோ ஃப்ளாஷோ வேண்டாம். ஃப்ளாஷ் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டைப் போட்டுவிட்டு ஓரங்களை இருட்டாக விட்டுவிடும்.

மேகமூட்டமான பகலில் திறந்த வெளி, இல்லையென்றால் நேர் வெயில் விழாத பெரிய ஜன்னல், இவை இரண்டும் செலவில்லாத நல்ல வெளிச்சங்கள். ஜன்னலில் ஒரு சிக்கல் உண்டு. ஜன்னல் பக்கத்து ஓரம் வெளுப்பாகவும் எதிர் ஓரம் இருட்டாகவும் வரும். தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறைவதால்தான் இப்படி: சின்ன விளக்காக இருந்தால் தூரம் இரண்டு மடங்கானதும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், ஜன்னலில் அவ்வளவு கடுமையாக இருக்காது என்றாலும் போக்கு அதேதான். ஜன்னலை ஒட்டி ஓவியத்தை வைத்தால் அதன் இரண்டு ஓரத்துக்கும் ஜன்னலிலிருந்து உள்ள தூரத்தில் பெரிய வித்தியாசம் வந்துவிடும். ஓவியத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் அந்த வித்தியாசம் சுருங்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையையோ வெள்ளைத் துணியையோ நிறுத்தினால் மீதியும் சரியாகிவிடும்.

விளக்கு வைத்து எடுப்பதாக இருந்தால் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், ஓவியத்தின் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில், 45 டிகிரி சாய்வில். விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதை அது சொல்லும். அது 90க்கு மேல், முடிந்தால் 95 இருந்தால் நிறங்கள் ஓரளவு உள்ளபடி வரும். மலிவான எல்இடிகளில் சிவப்பு செத்துப்போய்த் தெரிவதற்கு இந்த எண் குறைவாக இருப்பதுதான் காரணம். வெளிச்சம் சமமாக விழுகிறதா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். ஓவியத்தின் நடுவில், அதைத் தொடாமல், பென்சிலை நேராக உங்களை நோக்கி நீட்டிப் பிடியுங்கள். இடது பக்கம் ஒரு நிழல், வலது பக்கம் ஒரு நிழல் விழும். இரண்டும் ஒரே நீளத்தில், ஒரே கருமையில் இருந்தால் விளக்குகள் சரி. ஒன்று கருப்பாக இருந்தால் அதற்கு எதிர்ப்பக்க விளக்கு பலமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாலு மூலையிலும் இதையே செய்து பார்த்துவிட்டால் அதற்கப்புறம் எடுக்கும் எல்லாப் படத்துக்கும் கவலை இல்லை. அறையின் மற்ற விளக்குகளை மறக்காமல் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலமாகவும் பல்பு வெளிச்சம் மஞ்சளாகவும் ஒரே ஓவியத்தில் கலந்து விழுந்தால் அதை எந்த மென்பொருளாலும் சரியாகப் பிரிக்க முடியாது.

வார்னிஷ் பூசிய எண்ணெய் வண்ணத்திலும் அழுத்தித் தீட்டிய பென்சிலிலும் பளபளப்பு ஒரு தனித் தொல்லை. முதலில் விளக்குகளைப் பக்கவாட்டில் இன்னும் தள்ளி, வெளிச்சம் ஓவியத்தின் பரப்பில் இன்னும் சாய்வாக விழும்படி வைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தால் கழற்றிவிட்டு எடுப்பதே நல்லது, முடியாதென்றால் கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களுக்குப் படமெடுக்கிறவர்கள் பயன்படுத்தும் வழி வேறு: விளக்குகளின் முன்னால் போலரைசிங் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸின் மேல் போலரைசிங் ஃபில்டர், இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு முழுதாக மறைந்துவிடும். முழுதாக மறைத்தால் எண்ணெய் ஓவியம் உயிரில்லாமல் தட்டையாகிவிடுகிறது, அதனால் கொஞ்சம் மினுக்கம் மிச்சம் இருக்கும்படி ஃபில்டரைத் திருப்பி நிறுத்துவது என் பழக்கம். தங்க ரேக் ஒட்டிய வேலைக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். தங்கத்துக்குப் பிரதிபலிக்க ஏதாவது ஒன்று இல்லையென்றால் அது பழுப்புச் சாயம் மாதிரிதான் தெரியும், ஒரு பெரிய வெள்ளை அட்டையை அது பிரதிபலிக்கும் கோணத்தில் பிடித்தால்தான் தங்கமாகத் தெரியும்.

அடுத்து, கேமரா ஓவியத்துக்கு நேராக இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய ஓவியம் பெரும்பாலும் மேல்பக்கம் முன்னால் சாய்ந்துதான் இருக்கும். நேரா என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை (காய்ந்த ஓவியம் என்றால் மட்டும்) அதன் நடுவில் தட்டையாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஃபோன் திரையில் பாருங்கள். திரையின் நடுவில், கண்ணாடிக்குள், உங்கள் ஃபோனின் லென்ஸே தெரிந்தால் நேராக நிற்கிறீர்கள். லென்ஸ் கண்ணாடியை விட்டு வெளியே போனால் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். பிறகு மென்பொருளில் கோணலை நிமிர்த்திக்கொள்ளலாம்தான், ஆனால் நிமிர்த்தும்போது படத்தின் ஒரு பக்கம் இழுபடுகிறது, இழுபட்ட பக்கம் தெளிவு குறைகிறது. பெரிதாகப் போடும்போது அந்த ஒரு பக்க மங்கல் நன்றாகவே தெரியும்.

ஃபோனில் எடுப்பதில் தவறே இல்லை. 12 மெகாபிக்சல் என்றால் 4000க்கு 3000 பிக்சல், நமக்கு அதுவே தாராளம். முதல் காரியம் லென்ஸைத் துடையுங்கள். விரல் ரேகையும் சட்டைப்பை அழுக்கும் படத்தின் மேல் பால் ஊற்றினது மாதிரி ஒரு படலத்தைப் போட்டுவிடும். ரொம்பக் கிட்டப் போகாதீர்கள், ஃபோனின் முதன்மை லென்ஸ் அகலமானது என்பதால் கிட்டப் போனால் சட்டத்தின் விளிம்புகள் வெளியே வளையும். இரண்டு எக்ஸ் அல்லது மூன்று எக்ஸுக்கு உங்கள் ஃபோனில் தனி லென்ஸ் இருந்தால் பின்னால் தள்ளி நின்று அதில் எடுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், பெரும்பாலும் அது வெறும் வெட்டல்தான். ஓவியத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், முக்காலியில் வையுங்கள், இரண்டு நொடி டைமர் போடுங்கள். பட்டனைத் தொடும்போது ஏற்படும் அசைவே நிறையப் படங்களைக் கெடுக்கும். தனிக் கேமரா என்றால் ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 8 சுற்றி (எண் கூடினால் துளை சிறியது). இன்னும் மூடினால் கூர்மை கூடும் என்று நினைத்து எஃப் 22க்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து விரிந்து படம் மொத்தமும் மழுங்கும்.

வெள்ளைக் காகித ஓவியங்கள் சாம்பலாக வருகின்றன என்பது அடிக்கடி கேட்கும் புகார். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும், வெள்ளை அதிகமான படத்தை அது இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) ஏற்றிவிடுங்கள். அதற்காகக் காகிதம் சுத்த வெள்ளையாகும் வரை ஏற்றிவிடக் கூடாது, நீர்வண்ணத்தின் மிக மெல்லிய பூச்சுகள் அந்த வெள்ளையில் கரைந்துவிடும். காகிதத்துக்கு எப்போதும் ஒரு நிறம் உண்டு, அது தெரியட்டும்.

நிறத்துக்கு ஒரு கிரே கார்டு, அதாவது வேறு நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டை, வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓவியத்தின் பக்கத்தில் வைத்து ஒரு படம், எடுத்துவிட்டு ஒரு படம். பிறகு மென்பொருளில் முதல் படத்தின் சாம்பலைக் காட்டி வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச் சாயலை நீக்கும் சரிப்படுத்தல்) எடுத்து இரண்டாவதில் போட்டால் போதும். கண்ணை நம்பி நகர்த்தினால் காலையில் ஒரு நிறம், ராத்திரியில் ஒரு நிறம் சரியாகத் தோன்றும். சில நிறங்கள் எவ்வளவு முயன்றாலும் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒளிரும் இளஞ்சிவப்பு, ஆழமான மயில்நீலப் பச்சை இவற்றில் சில, சாதாரணத் திரை காட்டக்கூடிய எல்லைக்கே வெளியே இருக்கின்றன. அதற்காக மொத்தப் படத்தின் நிறத்தையும் ஏற்றினால் மற்ற நிறங்கள் பொய்யாகிவிடும். வராத நிறத்தை விட்டுவிட்டு, கீழே ஒரு வரி எழுதிவிடுவது நேர்மையானது.

ஏ4 அளவுக்குள் உள்ள தட்டையான வேலைகளுக்கு, அதாவது மை, பென்சில், வண்ண மார்க்கர், ஸ்கேனர் நன்றாக வேலை செய்யும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல் கொடுக்கும், திரைக்கு அது போதும். பேஸ்டல், கரி இரண்டையும் ஸ்கேனரில் வைக்காதீர்கள், தூள் உதிரும், கண்ணாடியும் பாழ். தடித்த வண்ணப்பூச்சுக்கும் அது சரிப்படாது, மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும்.

இப்போது நல்ல மூலக் கோப்பு கையில் இருக்கிறது. எந்த அளவில் போடுவது? நீளமான பக்கம் 2000லிருந்து 2500 பிக்சல் என்பது என் பதில். காரணம் சொல்கிறேன். இன்றைய ஃபோன் திரைகளில் பல, குறுக்கே ஆயிரம் பிக்சலுக்கு மேல் வைத்திருக்கின்றன. நீங்கள் 600 பிக்சலில் போட்ட படம் அந்தச் சின்னத் திரையிலேயே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுத்துக் காட்டப்படுகிறது, விரலால் பெரிதாக்கினால் கேட்கவே வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. கேமரா சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் பதிவு செய்கிறது, மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டவை. அதனால் 100 சதவீதத்தில் எந்தப் படமும் லேசாக மென்மையாகத்தான் இருக்கும். 4000 பிக்சலில் எடுத்து 2000க்குக் குறைக்கும்போது அந்த மென்மை மறைந்து படம் நறுக்கென்று நிற்கும். கூர்மையாக்கும் ஷார்ப்பனை இந்தக் குறைப்புக்கு அப்புறம், ரொம்பக் கொஞ்சமாகக் கொடுங்கள். முன்னாலேயே கொடுத்தால் கோடுகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும்.

72 டிபிஐயில் சேமிக்க வேண்டும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திரைக்கு அந்த எண் ஒன்றுமே செய்யாது. அது 1984ல் வந்த மெக்கின்டாஷ் கணினியின் திரை அங்குலத்துக்கு 72 பிக்சல் வைத்திருந்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற எண். பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்.

சேமிக்கும்போது நிற அமைப்பை, இணையத்தில் பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அந்த விவரத்தைக் கோப்பிலேயே பதித்துவிடுங்கள். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி அமைப்பில் விட்டுவிட்டால் சில இடங்களில் நிறங்கள் சோகை பிடித்தது போல் தெரியும். ஜேபெக் தரம் 80லிருந்து 90க்குள் போதும். கீழே இறக்கினால் வானம் போன்ற மெதுவாக மாறும் பரப்புகளில் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று, அது நிறத்தை வெளிச்சத்தைவிடப் பாதித் துல்லியத்தில் சேமிப்பது வழக்கம். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். சேமித்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பு கறுப்புக்குள் கசிந்து, கோட்டின் ஓரம் சேறாகத் தெரியும். கிம்ப் போன்ற மென்பொருளில் சேமிக்கும் பெட்டியிலேயே சப்சாம்ப்ளிங் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் 4:4:4 (நிறத்தின் துல்லியத்தைக் குறைக்காமல் சேமிப்பது) போட்டால் கோடு பிழைக்கும். வெறும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் என்றால், எதையும் இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி கோப்பே நல்லது.

இவ்வளவும் செய்து முடித்துவிட்டு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து இறக்கி ஏற்றினீர்கள் என்றால் எல்லாம் வீண். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுவதும் இதே கதைதான். ஏற்றும் இடமும் சுருக்கக்கூடும். இணையதளம் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள், 2019ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலைத் தாண்டிய படத்தைத் தானாகவே அந்த அளவுக்குக் குறைத்துவிட்டுக் குறைத்ததைத்தான் காட்டுகிறது. நீங்களே 2500க்குள் குறைத்து ஏற்றினால் உங்கள் கையால் கூர்மையாக்கிய படம் முழு அளவில் அப்படியே நிற்கும். பக்கத்தில் நடுத்தர அளவுப் படத்தைக் காட்டி, தொட்டால் முழு அளவு திறக்கும்படி இணைப்பு கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் பெரிய கோப்பு ஏற்கெனவே அங்கே கிடக்கிறது, அதற்கு இணைப்பு கொடுக்காததால்தான் யாருக்கும் தெரியவில்லை. ஏற்றி முடித்ததும் வேறொரு ஃபோனில் திறந்து, படத்தைத் திரும்ப இறக்கி, எத்தனை பிக்சல் இருக்கிறது என்று பாருங்கள்.

முழுப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று நெருக்கப் படங்கள் சேருங்கள், முழுப் படத்திலிருந்து வெட்டியதாக இல்லாமல் கிட்டப் போய் எடுத்ததாக இருக்கட்டும். அதில் ஒன்றுக்கு ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில், ஓவியத்தின் பரப்பை உரசிக்கொண்டு போகும்படி வைத்து எடுங்கள். ஒவ்வொரு தூரிகை மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து, வண்ணம் எவ்வளவு தடிமன், எது முதலில் போனது, எது மேலே வந்தது என்று கையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். வரையக் கற்றுக்கொள்கிற ஒருவருக்கு இந்த ஒரு படம் முழுப் படத்தைவிட அதிகம் சொல்லும். கூடவே ஓவியத்தின் அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள், திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவாகத்தான் தெரிகிறது.

திருட்டுப் பயத்துக்கு வருகிறேன், அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். 2000 பிக்சல் படத்தை 300 டிபிஐயில் அச்சடித்தால் சுமார் 17 சென்டிமீட்டர்தான் வரும். திரையில் நிறைவாகப் பார்க்கலாம், நல்ல தரத்தில் பெரிய அச்சு எடுக்க முடியாது. அந்த அளவை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூலக் கோப்பை மட்டும் எங்கும் ஏற்றாமல் இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள், யாராவது சொந்தம் கொண்டாடினால் அந்தப் பெரிய கோப்பு உங்களிடம் மட்டும்தான் இருக்கும். படத்தின் குறுக்கே பெயரை எழுதுவதை நான் விரும்புவதில்லை. எடுக்க நினைக்கிறவர் அதை அழித்துவிடுவார், பார்க்க வந்தவர்தான் அதன் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். பெயர் வேண்டுமென்றால் படத்துக்கு வெளியே, கீழ் ஓரத்தில் போடுங்கள்.

சின்னதாகவும் மட்டமாகவும் போடுவது பாதுகாப்பும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பெண்ணின் ஓவியம் இருக்கிறது. அதன் பிரதிகள் பத்தாயிரத்துக்கும் மேல் இணையத்தில் சுற்றுவதை அருங்காட்சியகம் கண்டது, அவற்றில் நிறைய மஞ்சளடித்துப் போன மோசமான பிரதிகள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் அருங்காட்சியகத்திலேயே விற்ற சரியான நிறமுள்ள அஞ்சலட்டையைப் பார்த்து இது அசல் நிறம் இல்லை என்று நினைத்தார்கள். நல்ல படத்தைத் தாங்களே வெளியிடுவதுதான் வழி என்று அவர்கள் முடிவெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2012லிருந்து பெரிய அளவுப் படங்களை யாரும் இறக்கிக்கொள்ளும்படி கொடுக்கிறார்கள். உங்கள் ஓவியத்துக்கும் எப்படியும் ஒரு பிரதி சுற்றப் போகிறது என்றால் அது நீங்கள் எடுத்த நல்ல பிரதியாக, உங்கள் பெயரோடு இருக்கட்டும்.

பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள். மக்கள் எதைப் பெரிதாகக் கேட்டார்களோ அந்த ஓவியங்களை முதலில் எடுங்கள். கைவிட்டுப் போகப் போகிற ஓவியம், அதாவது விற்கப்போவது அல்லது பரிசாகக் கொடுக்கப்போவது இருந்தால் அதற்கு எல்லாவற்றையும்விட முன்னுரிமை, ஏனென்றால் அதைத் திரும்பப் படமெடுக்க வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.